பத்துக் கால்களுக்குப் பூட்ஸ்

வாசலிலேயே பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள்.
இங்கே எந்தப் பள்ளியிலும் அப்படித்தான்.
தெரிந்திருந்தும்
கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு வந்திருந்தேன்.

வாராங்கர் கரை. ஜனவரி. பகல் பதினொரு மணி.
நவம்பரில் போன சூரியன் இன்னும் திரும்பவில்லை.
ஜன்னலில், மைக்கூட்டைக் கழுவிய தண்ணீரின் நிறம்.
முழுப் பள்ளிக்கும் பதினொரு பிள்ளைகள்,
கம்பளிக் காலுறைகளோடு தரையில்.
ஒருத்தி பனிக்கால்சட்டையை
இன்னும் பாதி கழற்றிக்கொண்டிருந்தாள்.

என்னிடம் மூன்று அட்டைகள்:
தொடக்கம். நடு. முடிவு.
நாற்பது பள்ளிகளில் காட்டி முனை மழுங்கியவை.
ஆசிரியை ஹால்திஸ் என் பெயரைச் சொன்னதும்
புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.
பத்துக் காலிலும் பூட்ஸ் போட்ட ராஜநண்டு
பத்தாவது பூட்ஸைத் தொலைத்துவிட்டுக்
கடலடியில் தேடித் திரியும் கதை.
தெற்கே, தலைநகரில்,
அந்த ஒற்றைப் பூட்ஸுக்காகப் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள்.
ஒரு தாய் கடிதம்கூடப் போட்டார்.

"எட்டு."

கை தூக்கவில்லை அவன்.
ரொட்டியில் பழுப்புச் சீஸை மடித்துக்கொண்டே சொன்னான்.
"கொடுக்கோட சேத்து எட்டுக் காலு.
எங்கப்பா தினமும் புடிக்கிறாரு."
ஆஸ்லக், நான்காம் வகுப்பு.
அவன் வாரிவிட்ட வாரலில்
என் நண்டின் பத்துக் காலும் ஒன்றாக வழுக்கின.

கற்பனை என்றால், என்று தொடங்கினேன்.
எனக்கே அது சாக்காகக் கேட்டது.
பறக்கும் நண்டு என்றிருந்தால் அவன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான்.
நண்டு பத்துக்காலி என்று எதிலோ படித்ததோடு சரி,
நான் நண்டைப் பார்த்ததெல்லாம் தட்டில்,
எலுமிச்சைத் துண்டுக்குப் பக்கத்தில்.
கதைக்குக் கால் இல்லை என்பது
எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு வசதி.

"இன்னும் ரெண்டு உள்ள இருக்கு," என்றாள் ரவ்னா.
"பொய்."
"ஓட்டுக்கு அடியில. சின்னதா."
"பொய், பொய்."

அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை.
ஹால்திஸ் தடுப்பார் என்று பார்த்தேன்.
அவர்தான் முதலில் சமையலறைக்கு நடந்தார்.
வெள்ளிக்கிழமை சூப்புக்கென்று
வாளியில் இருந்த நண்டை ஒட்லௌக் மேசையில் கவிழ்த்து,
கத்தியைச் செருகி, ஓட்டை நெம்பினார்.
உப்பும் குளிரும் முகத்தில் அடித்தன.
செவுள்களுக்கிடையே
தீக்குச்சி போல இரண்டு,
நுனியில் பல்துலக்கி மாதிரி மயிர்.
செவுளைத் துடைக்க, முட்டையைத் துடைக்க, என்றார் ஒட்லௌக்,
அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பதுபோல.

பத்து!
ரவ்னா குதித்தாள். நானும் கொஞ்சம் குதித்தேன்.
வெட்கமாக இருக்கிறது சொல்ல.

ஆஸ்லக் மட்டும் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.
"சரி, பத்து.
ஆனா இது வெளியவே போறதில்லையே,
இதுக்கு எதுக்கு பூட்ஸ்?"

யாரும் பேசவில்லை. குளிர்பெட்டி மட்டும் உறுமிற்று.

"அப்போ ஒண்ணு தொலையல.
ரெண்டு மிச்சம்."
"யாருகிட்ட இருக்கு?"
காட் மீன் தூங்குது அதுக்குள்ள, என்றது ஒரு குரல்.
இல்ல, துறைமுக ஆபீஸ்ல,
தொலைஞ்ச சாமான் பெட்டியில.
இல்ல, நண்டுக்குத் தெரியாம
அதோட அக்கா போட்டுட்டுப் போயிட்டா.
அக்கா எங்கே போனாள் என்று கேட்டேன்.
நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.
ஏழு பதில்கள் ஒரே மூச்சில் வந்தன,
ஒன்றும் முழுதாகக் காதில் விழவில்லை.

மூன்று அட்டைகளும் வகுப்பிலேயே கிடந்தன.
எடுக்கப் போனபோது
'நடு' மேல் யாருடைய ரொட்டியோ இருந்தது.
விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்குக் கப்பல்.
வெளியே, இருட்டில், அதன் ஊதல் ஒருமுறை கேட்டுவிட்டது.
வாசல் பலகையில் வரிசையாகப் பூட்ஸ்கள்,
ஒளிப்பட்டை ஒட்டியவை, ஈரமானவை, பெயர் எழுதியவை.
என்னுடையது மட்டும் இல்லை.

திரும்பினால் நீலாஸ்,
முதல் வகுப்பு, ஒரு மணி நேரமாக வாய் திறக்காதவன்,
தொடைவரை என் பூட்ஸுக்குள் நிற்கிறான்.

குடு என்றேன். அசையவில்லை.
கப்பல் இரண்டாம் முறை ஊதிற்று.
ஓட்டைக் காலுறையோடு
அவன் முன்னால் உட்கார்ந்து
யாருடையது இது என்று கேட்டேன்.